முகூர்த்தப் படத்தின் விளிம்பில் நிற்பவர்களை வெட்டலாமா?

குடந்தை வெளிச்சம்:

வணக்கம். கும்பகோணத்தில் அண்மையில் எடுத்த ஒரு திருமணத்தின் ஆல்பம் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் தொடர்ச்சியாக அழுத்திய ஃப்ரேம்களுள் ஒன்றில்தான் எல்லாம் கூடிவந்திருக்கிறது. அதை எப்படி கிராப் செய்வது, எதை நீக்குவது, நிறத்தை எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கும் என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். குடும்பத்தாரிடம் அனுமதி பெறாததால் படத்தை இங்கே இடவில்லை, சொல்லால் விவரிக்கிறேன்.

24 மெகாபிக்சல் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 1600. பக்கவாட்டிலிருந்து எடுத்த கிடைமட்டப் படம். மணப்பெண் இடப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் தலை குனிந்து அமர்ந்திருக்கிறார். மாப்பிள்ளையின் விரல்கள் அவருடைய பின்கழுத்தில் முதல் முடிச்சைப் போடுகின்றன. மஞ்சள் கயிறு விரல்களுக்கு நடுவே தெளிவாகத் தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால் நாத்தனார் குனிந்து, தான் போடவேண்டிய அடுத்த இரண்டு முடிச்சுகளுக்காக வலக்கையை நீட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறுமி விளக்கைப் பிடித்திருக்கிறாள். வலது விளிம்பில் பெண்ணின் பாட்டி அட்சதை தூவுகிறார். அரிசிமணிகள் காற்றில் சிறு கோடுகளாக இழுபட்டிருக்கின்றன. இடது விளிம்பிலிருந்து யாரோ ஒருவருடைய கை, திரை ஒளிரும் செல்பேசியோடு உள்ளே நீண்டு, பெண்ணின் சித்தியுடைய தோளைப் பாதி மறைக்கிறது.

மூன்று வடிவங்களில் செய்து பார்த்திருக்கிறேன். முதலாவதில் பெண்ணின் முகமும் மாப்பிள்ளையின் கைகளும் மட்டும் இருக்கும்படி நிமிர்ந்த வாக்கில் இறுக்கமாக கிராப் செய்திருக்கிறேன். இரண்டாவது முழு ஃப்ரேம், ஆனால் செல்பேசியை ஃபோட்டோஷாப்பில் அழித்தது. மூன்றாவது எதையும் தொடாத முழு ஃப்ரேம். தம்பிக்கு முதலாவது பிடித்திருக்கிறது. எனக்கு மூன்றாவதை விட மனம் வரவில்லை. முகூர்த்தம் என்பது இரண்டு பேருக்கு நடுவே மட்டும் நடப்பதன்று என்பதால், சுற்றி நிற்பவர்களையும் அவர்களுடைய கைகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான விளம்பரப் படமாக இருக்குமே தவிர அந்தக் குடும்பத்தின் படமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீடியோகிராபரின் எல்ஈடி விளக்கு இடப்பக்கத்திலிருந்து நீலம் கலந்த வெள்ளையாக அடிக்கிறது. மணவறையின் அலங்கார விளக்குகளோ நல்ல மஞ்சள். பெண்ணின் ஒரு கன்னம் ஒரு நிறமாகவும் மறு கன்னம் வேறு நிறமாகவும் இருக்கின்றன. இதற்கு மேல், பெண்ணைக் "கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்று பெண்வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.

வைகைக்கண்:

தம்பி, உங்கள் விவரிப்பே படத்தைக் கண்முன் நிறுத்திவிட்டது. நான் ஃபிலிம் காலத்தில் மதுரையில் தொழில் பழகியவன். கிராப் செய்யாத படமே தூய்மையான படம் என்ற எண்ணம் இளைய நண்பர்கள் சிலரிடம் இருப்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பயன்படுத்திய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ஃபிலிம் போட்டால் 12 படங்கள், எல்லாமே சதுரம். பிரிண்ட் போடும் தாளோ 8க்கு 10 அங்குலம் அல்லது 10க்கு 12. சதுர நெகட்டிவ் நீள்சதுரத் தாளுக்கு வரும்போது ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்பட்டே தீரும். எதை வெட்டுவது என்று நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜருக்குக் கீழே நின்று முடிவு செய்வதுதான் எங்கள் அன்றாட வேலை. கிராப் செய்வதைக் கடுமையாக எதிர்த்தவர் என்று பெயர் பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படம் உலகறிந்தது. தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் அந்தப் படம்கூட, வேலிப் பலகை மறைத்த பகுதியை நீக்கி கிராப் செய்யப்பட்டதுதான். ஆகவே வெட்டுவது தவறன்று. யாரை வெட்டுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு படங்கள்தான் என்பதால் நாங்கள் முகூர்த்தத்தை எப்போதும் அகலமாகவே எடுத்தோம். மாமன் எங்கே, அத்தை எங்கே என்று பின்னால் யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அந்த அச்சத்திலிருந்து ஒரு நல்ல பழக்கம் பிறந்தது. கெட்டிமேளம் தொடங்குவதற்கு முன்பே ஃப்ரேமின் நான்கு விளிம்புகளிலும் யார் நிற்கப்போகிறார்கள் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுவோம். விளக்குப் பிடிக்கும் பெண் எந்தப் பக்கம் வருவாள், நாத்தனார் எந்தத் தோள் வழியாகக் குனிவார், புரோகிதர் எப்போது எழுந்து மறைப்பார் என்பதையெல்லாம் பத்து நிமிடங்களுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விளிம்பை அங்கேயே ஒழுங்கு செய்துகொண்டவருக்கு எடிட்டிங் மேசையில் பாதி வேலை குறைந்துவிடும்.

நீங்கள் நிமிர்ந்த வாக்கில் வெட்டிய வடிவத்தில் நாத்தனாரின் கை என்னவாகிறது? நீட்டிய கை மணிக்கட்டோடு நிற்கிறது என்றால் அதை ஏற்காதீர்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளில் ஃப்ரேமை வெட்டினால் உறுப்பு துண்டானதுபோல் தோன்றும் என்பது பழைய பாடம். தாலிப் படத்தில் அது இன்னும் மோசம். யாருடையது என்று தெரியாத ஒரு கை பெண்ணின் கழுத்துக்கு அருகில் வந்து நிற்கும்.

தெளிபுள்ளி:

நான் சென்னையில் கேண்டிட் படங்கள், அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பான தருணங்களை, எடுப்பவன். மூத்தவர் சொன்ன மூட்டுப் பாடத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இறுக்கமான கிராப்பை விளம்பரப் படம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை.

அகலமான முகூர்த்தப் படத்தைப் பார்ப்பவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒளிரும் செல்பேசித் திரை, பளபளக்கும் பின்னணி, பாட்டியின் கை, சரவிளக்கு எல்லாவற்றையும் சுற்றிவந்த பிறகே கண் முடிச்சுக்கு வந்துசேர்கிறது. மணவறை மேடையில் ஒரே நேரத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள்; எல்லாரையும் காட்டும் படத்தில் எதுவுமே காணக் கிடைக்காமல் போகலாம். பார்ப்பவரின் கண்ணை ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்வதுதான் கம்போசிஷனின் வேலை. கயிற்றை முடியும் விரல்களில் இருக்கும் பதற்றம், குனிந்த முகத்தில் இமை மூடியிருக்கும் விதம் ஆகியவை 12 அங்குல உயரத்துக்குப் பெரிதாக வரும்போது கிடைக்கும் நெருக்கத்தை அகலப் படம் ஒருபோதும் தராது. அந்த நெருக்கத்தைத் தேடித்தான் இன்றைய மணமக்கள் கேண்டிட் கலைஞர்களை அழைக்கிறார்கள்.

சடங்குகளையும் உறவினர்களையும் வழக்கமான முறையில் பதிவு செய்ய டிரடிஷனல் குழு தனியாக இருக்கிறதே. ஒரே படம் எல்லாச் சுமையையும் சுமக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?

குடந்தை வெளிச்சம்:

வைகைக்கண் ஐயா கேட்டது சரிதான். நிமிர்ந்த வடிவத்தில் நாத்தனாரின் கை ஏறக்குறைய வளையலுக்கு மேலேயே வெட்டுப்படுகிறது. முகம் வெளியே போய்விடுகிறது.

தெளிபுள்ளி அவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் திருமணத்துக்கு இரண்டு குழுக்கள் இல்லை. ஒரே ஒளிப்படக்காரர் நான்தான்; கூடவே ஒரு வீடியோகிராபர். எங்கள் ஊர்ப்பக்கம் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான். டிரடிஷனல், கேண்டிட் என்ற பிரிவு பெரிய பட்ஜெட் திருமணங்களில்தான் உண்டு. ஒருவரே இரண்டையும் செய்யும்போது எந்தப் படம் எந்தச் சுமையைச் சுமக்கும் என்பதை நான்தான் பங்கிட வேண்டும். அதனால்தான் எஃப் 1.4இல் 85 மி.மீ. லென்ஸைப் போடாமல் 35 மி.மீ. லென்ஸோடு அருகில் நின்றேன். இரண்டு மீட்டர் தூரத்தில் 85 மி.மீ., எஃப் 1.4 என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான், முடிச்சு தெளிவாக இருந்தால் பெண்ணின் இமை மங்கிவிடும், நாத்தனார் வெறும் நிறத்திட்டாகிவிடுவார். 35 மி.மீ., எஃப் 2.8இல் அதே தூரத்தில் அரை மீட்டருக்கும் சற்று மேல் ஆழம் கிடைக்கிறது. பின்னணியை மங்கலாக்குவதும் ஒருவரை வெட்டுவதுதான் என்பது என் கருத்து.

நெல்லை வாசகி:

நான் ஒளிப்படக் கலைஞர் இல்லை. இந்த இழையைப் படித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் விவாதிப்பது எங்கள் வீட்டில் நடந்தது.

என் திருமண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் மிக அழகாக வந்திருந்தது. என் முகமும் அவருடைய கைகளும் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்திருந்தன. ஆல்பம் வந்த அன்று எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இது என் கைதானே, நான் எங்கே?" என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று முடிச்சுகளில் இரண்டு அவர் போட்டவை. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்ததிலிருந்து அன்று அதிகாலை எனக்குத் தலை பின்னியது வரை எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் அவர். அவருக்கு உரிய இடம் அந்த ஒரு நொடிதான். அதில் அவருடைய கைமட்டும் மிஞ்சியது. அந்த ஸ்டூடியோவில் கேட்டபோது முழுப் படம் அழிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். இதைச் சிறிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். புகுந்த வீட்டில் முதல் மாதம் நடப்பவற்றை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்கிறேன். என் முகத்தை அந்த ஆல்பத்தில் மிகவும் வெளுப்பாக்கியிருந்தார்கள். கழுத்தும் கைகளும் என் நிறத்தில் இருந்தன. என் அம்மாதான் அப்படிக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தை என்னுடையது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. "கலராகக் காட்டுங்கள்" என்று கேட்பவர் யார் என்பதைப் பாருங்கள்; மணப்பெண்ணிடம் தனியாக ஒருமுறை கேளுங்கள்.

நிறமேசை:

நெல்லை வாசகி அக்கா எழுதியதைப் படித்த பிறகு நிறத்தைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றியது. கோவையில் பல ஒளிப்படக்காரர்களுக்கு எடிட்டிங் மட்டும் செய்துகொடுக்கிறேன். திருமணப் பருவத்தில் நாள் முழுவதும் இதே வேலைதான்.

முகத்தை வெளுப்பாக்குவதற்குப் பெரும்பாலானவர்கள் லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வை ஏற்றி, அதன் செறிவைக் குறைக்கிறார்கள். நம்மவர்களின் தோல் நிறம் ஆரஞ்சு வரிசையில்தான் விழுகிறது என்பதால் உடனே பலன் தெரியும். ஆனால் தங்கமும் மஞ்சள் கயிறும் சந்தனமும் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. தோலை வெளுக்கச் செய்த அதே கட்டுப்பாடு காசுமாலையைப் பித்தளையாக்கிவிடும். தாலிக் கயிற்றைச் சாயம்போன நூலாக்கிவிடும். இதைத் தவிர்க்க முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து (மாஸ்க் போட்டு) மாற்றினால், அக்கா சொன்னதுபோல் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்றாகிவிடும். தாலிப் படத்தில் இதை மறைக்கவே முடியாது, ஏனென்றால் மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் கழுத்தும் முகமும் ஒரு சாண் இடைவெளிக்குள் இருக்கின்றன. எதை வெளுத்தாலும் பக்கத்தில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும்.

பெற்றோர் அப்படிக் கேட்கும்போது நான் செய்வது வேறு. அவர்கள் உண்மையில் குறைபடுவது பெரும்பாலும் நிறத்தைப் பற்றியன்று, முகத்தில் விழுந்த நிழலைப் பற்றியே. தலை குனிந்திருக்கும் பெண்ணின் கண்குழியிலும் தாடைக்குக் கீழேயும் மேடை விளக்கின் நிழல் கருமையாக விழுகிறது. நிழலை மட்டும் அரை ஸ்டாப் அளவுக்குத் திறந்து (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரு மடங்காகும்), கன்னத்தின் நடுநிறத்தைத் தொடாமல் விட்டால் முகம் தெளிகிறது, நிறம் மாறுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலான தாய்மார்கள் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். 2009இல் சென்னையிலிருந்து "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கம் தொடங்கியது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் கல்யாண ஆல்பத்தில் பழைய அளவுகோலை நாமே தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்து உங்கள் இரட்டை ஒளிச் சிக்கல். வீடியோ எல்ஈடி சுமார் 5600 கெல்வின். அலங்கார விளக்குகள் ஏறக்குறைய 3000. இதில் பலரும் எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் சொட்டானை மாப்பிள்ளையின் வேட்டியில் வைத்து அழுத்துகிறார்கள். முகூர்த்த மேடையில் வேட்டி வெள்ளையாக இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் அரக்குச் சேலையின் சிவப்பும் ஹோமத்தீயின் மஞ்சளும் அதில் பட்டுத் திரும்புகின்றன. அதை நடுநிலையாக்கினால் எல்லாருடைய தோலும் சாம்பல் பூத்துவிடும். நான் மஞ்சள் கயிற்றைத்தான் பார்ப்பேன். கயிறு எலுமிச்சை நிறத்துக்குப் போனால் படம் குளிர்ந்துவிட்டது என்று பொருள். ஆரஞ்சுக்குப் போனால் சூடேறிவிட்டது. அலங்கார விளக்கின் பக்கம் கொஞ்சம் சூடாகவே இருக்கும்படி மொத்தப் படத்தையும் 4000 கெல்வினை ஒட்டி நிறுத்திவிட்டு, எல்ஈடி விழுந்த கன்னத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெப்பநிலையை ஏற்றுங்கள். இரண்டு கன்னங்களும் ஒன்றாக வேண்டியதில்லை. கண்ணை உறுத்தாமல் இருந்தால் போதும்.

காஞ்சிபுரம் பட்டின் சிவப்பைக் கவனியுங்கள். ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் மொத்தமாகப் பாதுகாப்பாகத் தெரிந்தாலும் சிவப்புச் சேனல் மட்டும் தனியாக உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். திரையில் பளிச்சென்று இருப்பது, அச்சிடும் லேப் கேட்கும் எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிற வரம்புக் கோப்பாகி அச்சில் வரும்போது மடிப்பும் ஜரிகையும் தெரியாத ஒரே சிவப்புத் துணியாகிவிடும். சிவப்பின் செறிவையும் ஒளிர்வையும் சற்றுத் தாழ்த்தினால் நெசவு திரும்பக் கிடைக்கும். ஹோமப்புகையை நீக்க டீஹேஸ் ஏற்றுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அது புகையோடு சேர்த்துத் தோலையும் கருக்கும், பிறகு அதைச் சரிசெய்ய வெளுப்பாக்கத் தொடங்குவீர்கள். புகை இருக்கட்டும்.

தெளிபுள்ளி:

நெல்லை வாசகி அவர்களின் பதிவு என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது. ஒரே ஒளிப்படக்காரர் என்ற நிலையில் முழு ஃப்ரேம் ஆல்பத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆயினும் அந்தச் செல்பேசியை அப்படியே விடவேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. குடந்தை நண்பரே, இரண்டாவது வடிவத்தில் அதை எப்படி அழித்தீர்கள்? 2023இல் ஃபோட்டோஷாப்பில் வந்த, அழித்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் மூலமாகவா?

குடந்தை வெளிச்சம்:

ஆம். முதல் பார்வைக்கு மிகச் சுத்தமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது சித்தியின் தோளில், அவர் உடுத்திய பச்சைச் சேலைக்குப் பொருந்தாத மயில்நீலக் கரை ஒன்றை மென்பொருள் நெய்து வைத்திருக்கிறது. அப்படி ஒரு புடவை அந்த மண்டபத்திலேயே இல்லை. சித்தி அதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

தெளிபுள்ளி:

அப்படியானால் தொடர்ச்சியில் அடுத்த ஃப்ரேமைப் பாருங்கள். செல்பேசி நகர்ந்திருந்தால் தோளின் உண்மையான பகுதி அதில் கிடைக்கும். அதை எடுத்து இங்கே பொருத்தலாம். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எடுத்த இரண்டு படங்கள். அதே ஒளி, அதே ஆள், அதே சேலை. இதில் கற்பனையாக எதுவும் சேரவில்லை.

வைகைக்கண்:

தெளிபுள்ளி சொல்லும் வழி மென்பொருள் கற்பனை செய்வதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது தேவைதானா என்று கேட்கிறேன். நாங்கள் நெகட்டிவ் மீது பென்சிலால் டச்சிங் செய்த நாட்களிலும் ஓர் எல்லை வைத்திருந்தோம். மறுவாரம் ஆறிவிடும் முகப்பருவை எடுக்கலாம். பிறவி மச்சத்தை எடுக்கக் கூடாது. செல்பேசி நீட்டும் உறவினர் இன்றைய திருமணத்தின் ஒரு பகுதி. எங்கள் காலத்துப் படங்களில் மேடையோரம் நின்ற டேப்ரிக்கார்டரையும் பெட்ரோமாக்ஸ் விளக்கையும் அன்று எல்லாரும் குறையாகத்தான் பார்த்தார்கள். இன்று அந்த வீட்டார் முதலில் சுட்டிக்காட்டுவது அவற்றைத்தான்.

உங்களுக்கு இடைஞ்சல் செல்பேசி இல்லை, அதன் திரையின் வெளிச்சம். இருட்டறையில் ஒரு மூலை அதிகம் வெளுத்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கருக்குவோம். அதையே இங்கே செய்யுங்கள். திரையின் ஒளிர்வை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தாழ்த்தினால் கண் அங்கே போகாது. கையும் செல்பேசியும் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷீட் வடிவமைப்பு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆல்பம் வடிவமைப்பாளர் என்ற முறையில் ஒரு கேள்வி: இந்தப் படம் எந்த அளவு ஷீட்டில் போகப்போகிறது? வழக்கமான 12க்கு 36 அங்குல கரிஷ்மா ஆல்பம் (இரு பக்கமும் சேர்ந்து ஒரே ஷீட்டாக அச்சாகும் வகை) என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கம்போசிஷன் கேமராவோடு முடிந்துவிடுவதாக ஒளிப்படக்காரர்கள் நினைக்கிறார்கள். கடைசி கிராப்பைச் செய்வது நாங்கள். எங்களுக்குப் பிறகு லேப்பின் கத்தி.

திறந்த ஷீட்டின் விகிதம் 3க்கு 1. உங்கள் ஃப்ரேமோ 3க்கு 2. முகூர்த்தப் படம் என்றாலே ஷீட் முழுவதும் பரப்பவேண்டும் என்று பல வடிவமைப்பாளர்கள் பழகியிருக்கிறார்கள். அப்படிப் பரப்பினால் 6000க்கு 4000 பிக்சல் படத்தில் 6000க்கு 2000தான் மிஞ்சும். உயரத்தில் சரிபாதி போய்விடும். விளக்கு பிடித்த சிறுமியின் தலையோ, பெண்ணின் மடியில் இருக்கும் கைகளோ கட்டாயம் வெட்டுப்படும். மிஞ்சியதும் அங்குலத்துக்கு 167 பிக்சல் என்ற அளவில்தான் அச்சாகும். அதோடு ஷீட்டின் நடுமடிப்பு யாராவது ஒருவருடைய முகத்தில் விழும்.

அதே ஷீட்டின் ஒரு பாதி 12க்கு 18. அது சரியாக 3க்கு 2 விகிதம். உங்கள் முழு ஃப்ரேம் அந்த ஒரு பக்கத்தில் கிராப்பே இல்லாமல் அங்குலத்துக்கு 333 பிக்சலோடு உட்காரும். இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வெளி ஓரங்களை லேப் வெட்டும். அளவு லேப்புக்கு லேப் மாறும் என்பதால் மூன்று பக்கமும் கால் அங்குலம் போய்விடும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நடுமடிப்புப் பக்கம் வெட்டு விழாது. பாட்டியின் கை படத்தின் வலது விளிம்பில் இருக்கிறது என்றீர்கள். படத்தை வலப்பக்கத்தில் வைத்தால் அந்த விரல்கள் கத்திக்குப் போய்விடும். இடப்பக்கத்தில் வைத்தால் பாட்டி நடுமடிப்பை ஒட்டிப் பத்திரமாக இருப்பார். வெட்டுப்படுவது செல்பேசி இருக்கும் ஓரத்தில் 80 பிக்சல் அளவுக்கு. பாட்டியின் முகம் மடிப்பிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி, அதாவது வலது விளிம்பிலிருந்து 333 பிக்சலுக்கு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இதே படத்தின் கிராப்பை வைக்காதீர்கள். ஒரே தருணத்தை இரண்டு முறை காட்டினால் இரண்டும் நீர்த்துவிடும். நாத்தனார் முடிச்சுப் போடும் ஃப்ரேம் உங்களிடம் இருக்கிறதா?

குடந்தை வெளிச்சம்:

இருக்கிறது. அதில் நாத்தனாரின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு முடிச்சிலேயே கண்ணாக இருக்கிறார். மணப்பெண்ணின் முகம் மாலையில் மறைந்துவிட்டது என்பதால்தான் அதைத் தேறாதது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பாட்டியின் முகம் விளிம்பிலிருந்து 400 பிக்சலுக்கும் மேல் உள்ளே இருப்பதால் மடிப்பு தொல்லை தராது.

ஷீட் வடிவமைப்பு:

அந்தப் படத்தில் பெண்ணின் முகம் தேவையே இல்லை. இடப்பக்கத்தில் அவர் முகம் இருக்கிறது. நாத்தனாரின் முகமும் கைகளும் கயிறும் இருக்கும்படி 1600க்கு 2400 பிக்சல் அளவுக்கு நிமிர்ந்த வாக்கில் கிராப் செய்து, 6க்கு 9 அங்குலமாக வையுங்கள். அங்குலத்துக்கு 267 பிக்சல் கிடைக்கும், கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது போதும். சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள். பூ வேலைப்பாடு, மங்கலான பின்னணிப் படம், சமஸ்கிருத சுலோகம் எதையும் அங்கே நிரப்ப வேண்டாம். டெம்ப்ளேட்டில் இருக்கிறது என்பதற்காகவே பலர் நிரப்புகிறார்கள்.

தெளிபுள்ளி:

நல்ல ஏற்பாடு. என் தரப்பில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இறுக்கமான கிராப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மணமக்கள் இன்ஸ்டாகிராமில் பகிர 1080க்கு 1350 அளவில் ஒன்று கேட்பார்கள். கைபேசித் திரையில் முழு ஃப்ரேம் விரல் அகலமாகிவிடும். அங்கே முகமும் முடிச்சும்தான் எடுபடும். நாத்தனாரின் கை மணிக்கட்டில் வெட்டுப்படாமல், முன்கையின் பாதி வரை உள்ளே வரும்படி வலப்பக்கம் சற்று விரித்துக்கொள்ளுங்கள்.

குடந்தை வெளிச்சம்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து ஷீட்டை முடித்துவிட்டேன். இடப்பக்கத்தில் முழு ஃப்ரேம். செல்பேசித் திரையை மட்டும் இரண்டு ஸ்டாப் தாழ்த்தியிருக்கிறேன். நிறமேசை அவர்கள் சொன்னபடி கயிற்றைப் பார்த்து ஒயிட் பேலன்ஸை 4100இல் நிறுத்தினேன், எல்ஈடி விழுந்த கன்னத்தை மாஸ்க் போட்டுச் சரிசெய்தேன். சேலையின் சிவப்பைத் தாழ்த்தியதும் இதுவரை தெரியாத ருத்திராட்சக் கரை மேலெழுந்து வந்தது. வலப்பக்கத்தில் நாத்தனார். தம்பியும் ஒப்புக்கொண்டான், இன்ஸ்டாகிராம் கிராப்பை அவனையே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நிழலை மட்டும் திறந்த முகத்தையும் வெளுப்பாக்கிய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணப்பெண்ணுக்கே அனுப்பினேன். முதலாவதே போதும் என்றும், அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் பதில் வந்திருக்கிறது. லேப்புக்குக் கோப்பு வெள்ளிக்கிழமை போகிறது. ஷீட் வடிவமைப்பு அவர்களிடம் ஒரே ஓர் ஐயம்: இடப்பக்கத்தின் மேல் ஓரத்தில் விளக்குச் சுடர் விளிம்பிலிருந்து 150 பிக்சல்தான் தள்ளியிருக்கிறது. கால் அங்குலம் போனாலும் தப்பும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், சரிதானே?

ஷீட் வடிவமைப்பு:

சரிதான். 83 போனாலும் 67 பிக்சல், அதாவது கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே இடம் இருக்கும். இருந்தாலும் லேப்பில் அந்த ஷீட்டுக்கு மட்டும் ஒரு மாதிரி அச்சு கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றை ஓட்டச் சொல்லுங்கள்.